மைதான ஓரத்தில் பன்னிரண்டு நிமிடம்: முதல் உற்றுநோக்கல் ஆய்வு செய்பவர்களுக்கு

உளவியல் படிப்பில் சேர்ந்த முதல் வருடமே "ஓர் உற்றுநோக்கல் அறிக்கை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். பி.எட். படிப்பவர்களுக்கும் இது வரும். கேட்கும்போது சுலபமாகத்தான் தோன்றும். ஆய்வகம் வேண்டாம், வினாத்தாள் அச்சடிக்க வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு கடிகாரம், அரை மணி நேரம் போதும் என்று கிளம்பிவிடுவோம். போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இரவு வீட்டில் இரண்டு பக்கம் எழுதினால் அது டைரியாகத்தான் இருக்கும். என் முதல் அறிக்கை அப்படித்தான் இருந்தது. அதில் என்ன தப்பு என்பதைக் கீழே சொல்கிறேன்.

உதாரணத்துக்குக் குழந்தைகளின் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். பேருந்து நிறுத்தத்து வரிசையையோ நூலகத்தில் படிப்பவர்களையோ பார்க்கப் போகிறீர்கள் என்றாலும் படிகள் இவையேதான்.

கேள்வியைச் சுருக்குங்கள்

"குழந்தைகள் எப்படி விளையாடுகிறார்கள்?" என்பதற்கு உற்றுநோக்கலால் பதில் சொல்ல முடியாது. எங்கே பார்ப்பது, எதை விடுவது என்றே தெரியாது. "2 வயதுக் குழந்தைகளைவிட 4 வயதுக் குழந்தைகள் அதிகமாகச் சேர்ந்து விளையாடுகிறார்களா?" என்று கேட்டால் சரி, பார்க்க ஒரு பொருள் கிடைத்துவிட்டது.

கிட்டத்தட்ட இந்தக் கேள்வியோடுதான் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் மில்ட்ரெட் பார்ட்டன் 1920-களில் உட்கார்ந்திருந்தார். 1932-இல் வெளியான அவருடைய ஆய்வு இன்றைக்கும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. குழந்தைகள் இஷ்டப்படி விளையாடும் நேரத்தில் ஒவ்வொரு குழந்தையையும் ஒரு நிமிடம் பார்ப்பார். அந்த ஒரு நிமிடத்தில் அது செய்ததை ஆறு வகைகளில் ஒன்றில் போடுவார். அவ்வளவுதான் முறை. பெரிய கருவி எதுவும் அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை; ஆனால் அந்த ஆறு வகைகளைத் தெளிவாக வரையறுத்து வைத்திருந்தார்.

கேள்வியைத் தேர்ந்தெடுக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். உற்றுநோக்கல் 'என்ன நடந்தது, எத்தனை முறை நடந்தது' என்று சொல்லும். 'ஏன்' என்பதைத் தனியாக நின்று அதனால் சொல்ல முடியாது. அதே நேரம், கேட்டால் பதில் சொல்லத் தெரியாதவர்களிடம் (கைக்குழந்தைகள், விலங்குகள்), கேட்டால் ஒன்று சொல்லி நடப்பில் வேறொன்று செய்பவர்களிடம் (அதாவது நம் எல்லோரிடமும்) வினாத்தாளைவிட இது நம்பகமானது. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறீர்களா என்று கேட்டால் 'இல்லை' என்று யார் சொல்வார்கள்? கேன்டீன் குழாயடியில் கால் மணி நேரம் நின்று பாருங்கள்.

அனுமதி

குழந்தைகள் என்றால் பள்ளித் தலைமையிடம் எழுத்தில், பெற்றோரிடம் எழுத்தில். பெற்றோர் சரி என்று சொன்ன பிறகும் ஒரு குழந்தை உங்களைப் பார்த்து ஒதுங்கிப் போனாலோ அழுதாலோ அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். படம் எடுக்காதீர்கள். முதல் ஆய்வுக்கு வீடியோவும் வேண்டாம். எடுத்தால் அதை எங்கே வைப்பது, யார் பார்ப்பது, எப்போது அழிப்பது என்று வேலை பெருகும். நோட்டில் பெயர் கூடாது. கு1, கு2 என்று எண் போட்டு, எண்ணுக்குரிய பெயர்ப் பட்டியலை வேறிடத்தில் வையுங்கள்.

பொது இடத்தில், பிறர் பார்ப்பார்கள் என்று தெரிந்தே மக்கள் செய்வதைப் பார்க்கத் தனி ஒப்புதல் பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் 'பொது இடம்' என்ற சொல்லை இழுத்துக்கொண்டே போகக் கூடாது. 1976-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பொதுக் கழிப்பறையில் பக்கத்தில் ஆள் நின்றால் ஆண்களுக்குச் சிறுநீர் வரத் தாமதமாகிறதா என்று அளந்தார்கள். அளந்தவர் அடுத்த அறைக்குள் ஒளிந்து, பெரிஸ்கோப் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவு வந்தது, ஆனால் பல ஆண்டுகளாக அந்த ஆய்வை ஒழுக்கமீறலுக்கு உதாரணமாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கல்லூரியில் நெறிமுறைக் குழு இருந்தால் முதலில் அங்கே போங்கள்.

எதை எண்ணப் போகிறீர்கள்?

பாதி உழைப்பு இந்த இடத்தில்தான். மைதானத்துக்குப் போகும் முன்பே, வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டியது.

'சண்டை' என்று ஒரு வகை வைத்தால் எது சண்டை? கையால், காலால், ஒரு பொருளால் இன்னொரு குழந்தையை அடிப்பது. தள்ளுவது. கையில் இருப்பதைப் பிடுங்குவது. சரி, இரண்டு பேர் சிரித்துக்கொண்டே கட்டிப் புரண்டால்? ஓடிப்பிடித்து விளையாடும்போது முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால்? அடிக்கக் கை ஓங்கி, ஆசிரியை வருவதைப் பார்த்துக் கையை இறக்கினால்? இவற்றுக்கெல்லாம் முன்கூட்டியே பதில் எழுதி வைக்காவிட்டால் மைதானத்தில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி முடிவெடுப்பீர்கள். திங்கட்கிழமை சண்டையாக இருந்தது வியாழக்கிழமை விளையாட்டாகிவிடும். இப்படி எழுதி வைப்பதைத்தான் செயல்முறை வரையறை என்கிறார்கள்.

பார்ட்டனின் ஆறு வகைகளை என் தமிழில் தருகிறேன். சும்மா இருத்தல்: குழந்தை எதிலும் ஈடுபடவில்லை, அங்கே இங்கே பார்க்கிறது, நாற்காலியில் ஏறி இறங்குகிறது. தனி விளையாட்டு: பக்கத்தில் இருப்பவர்களைக் கண்டுகொள்ளாமல் தன் பொம்மையோடு இருக்கிறது. வேடிக்கை பார்த்தல்: ஒரு குறிப்பிட்ட கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது, கேள்விகூடக் கேட்கிறது, சேரவில்லை. இணை விளையாட்டு: இரண்டு பேர் ஒரே மணலில், ஒரே மாதிரி வாளியோடு, பக்கத்துப் பக்கத்தில், ஆனால் அவரவர் வீடு அவரவருக்கு. கலந்து விளையாடுதல்: வாளி கைமாறுகிறது, பேச்சு நடக்கிறது, ஆனால் இருவருக்கும் பொதுவான திட்டம் எதுவும் இல்லை. கூட்டு விளையாட்டு: நீ அம்மா, நான் கடைக்காரர் என்று வேலை பிரித்தாயிற்று.

இதில் நமக்குத் தடுக்கி விழ வசதியான இடம் மூன்றாவது வகை. வேடிக்கை பார்ப்பது நம் ஊரில் முழுநேர வேலை என்பதால், அதைச் சும்மா இருப்பதோடு சேர்த்துவிடத் தோன்றும். பார்ட்டன் அதைத் தனி வகையாக வைத்தார். பார்வை ஒரே கூட்டத்தின் மேல் நிலைத்திருக்கிறதா, அலைகிறதா என்பதை வைத்து அதைப் பிரிக்கலாம். கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளம் இருக்கிறது பாருங்கள், ஒவ்வொரு வகைக்கும் அப்படி ஒன்று வேண்டும். ஒரு நிமிடத்தில் நடந்தது இரண்டு வகைகளுக்குள் விழக் கூடாது. எதிலும் விழாமல் வெளியே நிற்கவும் கூடாது. அதற்குத்தான் கடைசியில் 'மற்றவை' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டம் வேகமாக நிரம்பினால் உங்கள் வகைகள் சரியில்லை என்று பொருள்.

யாரை, எப்போது?

கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினால் என்ன ஆகும்? கத்துகிறவன், அழுகிறவள், விழுந்தவன்தான் நோட்டு முழுக்க இருப்பார்கள். மூலையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த குழந்தை அன்றைக்குப் பள்ளிக்கே வராத மாதிரி ஆகிவிடும். கென்யாவின் அம்போசெலியில் பபூன் குரங்குகளைப் பார்த்துவந்த ஜீன் ஆல்ட்மன் 1974-இல் எழுதிய கட்டுரை இந்தச் சிக்கலைப் பற்றியதுதான். யாரை, எப்போது பார்ப்பது என்பதைக் கண்ணிடம் விடாமல் முன்னாலேயே முடிவு செய்து வைக்கும் வழிகளை அவர் வரிசைப்படுத்தினார். விலங்கியலிலும் உளவியலிலும் இன்றுவரை அதுதான் கையேடு.

ஒருவரை மட்டும் குறித்த நேரம் தொடர்ந்து பார்ப்பது ஒரு வழி. குறித்த இடைவெளியில் எல்லோரையும் ஒரு சுற்றுக் கண்ணோட்டம் விட்டு, அந்தக் கணத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று குறிப்பது இன்னொன்று. அரிதாக நடக்கும் ஒன்றுக்காகக் காத்திருந்து, அது நடக்கும்போதெல்லாம் எழுதுவது மூன்றாவது. சண்டைக்கு இது பொருந்தும். நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் நடந்ததா இல்லையா என்று குறிப்பதும் உண்டு. ஆல்பர்ட் பண்டூராவும் அவருடைய குழுவும் 1961-இல் வெளியிட்ட போபோ பொம்மை ஆய்வில் (பெரியவர் ஒரு பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் தாங்களும் அப்படிச் செய்கிறார்களா என்று பார்த்த ஆய்வு), ஒவ்வொரு குழந்தையையும் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து 20 நிமிடம் பார்த்தார்கள். 5 விநாடிக்கு ஒரு பதிவு. குழந்தைக்கு 240 பதிவுகள்.

முதல் முறை செய்கிறவருக்கு 5 விநாடி ஆகாது. கை வலிப்பதற்கு முன்னால் தலை சுற்றும். நான் சொல்வது இது: 10 குழந்தைகள். வருகைப் பதிவேட்டு வரிசையில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம்; முதல் 30 விநாடி பார்க்க, அடுத்த 30 விநாடி எழுத. 10 நிமிடத்தில் ஒரு சுற்று. ஒரு நாளைக்கு இரண்டு சுற்று, ஆறு நாள். மொத்தம் 120 பதிவுகள், குழந்தைக்கு 12. வரிசையை நாளுக்கு நாள் மாற்றித் தொடங்குங்கள். இல்லாவிட்டால் பதிவேட்டில் கடைசியில் இருக்கும் குழந்தை எப்போதும் மணியடிக்கப் போகும் நேரத்தில்தான் உங்கள் கண்ணில் படும். நேரத்தையும் மாற்றுங்கள். காலை 10 மணிக்கு விளையாடும் குழந்தையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விளையாடும் குழந்தையும் ஒன்றல்ல.

தாளும் பென்சிலும்

அட்டையில் செருகிய தாள், பென்சில். பேனா தூறலில் கலங்கிவிடும். கைப்பேசியில் நேரம் வைத்தால் ஒலி வேண்டாம், அதிர்வு மட்டும். ஒவ்வொரு நிமிடமும் மணியடித்தால் மைதானமே உங்களைச் சுற்றி வந்துவிடும். வகைகளுக்கு ஒற்றை எழுத்துக் குறி: சு, த, வே, இ, க, கூ. அதற்குப் பக்கத்தில் இரண்டு பத்திகள்: ஒன்று 'கண்டது', மற்றொன்று 'தோன்றியது'.

இந்த இரண்டாவது பத்தியை நான் வைக்கக் கற்றுக்கொண்ட கதைதான் முதலில் சொன்னது. முதல் நாள் நோட்டில் இப்படி எழுதியிருந்தேன்:

"3.52. நீலச் சட்டைப் பையன் என்னை முறைத்தான். நான் வந்தது பிடிக்கவில்லை. பொறாமைக்காரன் போலிருக்கிறது."

படித்த பேராசிரியை ஒன்றும் சொல்லவில்லை. "மறுபடி போய் அதே இடத்தில் உட்கார். அவன் முகத்தில் என்ன பார்த்தாய் என்று மட்டும் எழுது" என்றார். மறுநாள் அதே நேரம் எழுதியது:

"3.50. கு4 என் பக்கம் திரும்பியிருக்கிறான். புருவம் சுருங்கியிருக்கிறது. கண் பாதி மூடியிருக்கிறது. உதடு மேலே இழுத்திருக்கிறது. கு7-உம் அப்படியே. கு2-உம் அப்படியே."

மூன்று பேருக்கும் ஒரே முகமா என்று திரும்பிப் பார்த்தேன். மாலை வெயில் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. என் பக்கம் பார்த்த எல்லாருக்கும் கண் கூசியது. பொறாமை நான் எழுதியது. அவன் முகத்தில் இருந்தது வெயில்.

ஆகவே 'கண்டது' பத்தியில் கோபம், வெட்கம், பாசம், திமிர் என்ற சொற்கள் வரக் கூடாது. 'வேண்டுமென்றே' என்ற சொல் வரவே கூடாது. கை, கால், கண், குரல், தூரம், பேசிய சொல், இவை மட்டும். மனதில் பட்டதை அடக்கிக்கொள்ளவும் வேண்டாம். 'தோன்றியது' பத்தியில் எழுதித் தள்ளுங்கள். அது அறிக்கைக்கு உதவும். ஒன்றோடொன்று கலக்காமல் இருந்தால் போதும். அப்புறம் ஒன்று: அன்றிரவே நோட்டைச் சுத்தமாகப் படியெடுத்துவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் 'கு3 வா எ கூ' என்று நீங்களே எழுதியது உங்களுக்கே புரியாது.

நீங்கள் அங்கே இருக்கிறீர்கள்

முதல் நாள் குழந்தைகள் விளையாட மாட்டார்கள், உங்களைப் பார்ப்பார்கள். "அக்கா, என்ன எழுதுறீங்க?" என்று வரிசையாக வருவார்கள். நான் "வீட்டுப்பாடம்" என்பேன். பொய்யும் இல்லை, அதைவிடச் சலிப்பான பதிலும் இல்லை, உடனே போய்விடுவார்கள். முதல் இரண்டு நாளைக் கணக்கில் சேர்க்காமல் சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அந்த நாட்களில் தாளை நிரப்பிப் பழகலாம். வரையறையில் இருக்கும் ஓட்டைகள் அப்போதே தெரிந்துவிடும்.

பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தால் மனிதர்கள் மாறுவார்கள் என்பதற்கு, சிகாகோ அருகே ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924-இல் தொடங்கிய ஆய்வுகளை எல்லாப் புத்தகமும் காட்டும். உங்கள் அறிக்கையில் அதை வேதவாக்காக எழுதிவிடாதீர்கள். பின்னாளில் அந்தத் தரவுகளை மறுபடி அலசியவர்கள், பாடப் புத்தகம் சொல்கிற அளவுக்கு விஷயம் தெளிவாக இல்லை என்று காட்டியிருக்கிறார்கள்.

கூட்டத்துக்குள் ஒருவராகச் சேர்ந்தே பார்ப்பது பங்கேற்பு உற்றுநோக்கல். முதல் முறைக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. 1954 டிசம்பரில் உலகம் வெள்ளத்தில் மூழ்கும் என்று நம்பிய ஒரு சிறு அமெரிக்கக் குழுவுக்குள் உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரின் ஆட்கள் நம்பிக்கையாளர்கள் போலச் சேர்ந்தார்கள். புதிது புதிதாக ஆள் வந்து சேர்வதே அந்தக் குழுவுக்கு ஒரு சகுனமாகத் தோன்றிவிட்டது. பார்க்கப் போனவர்களே பார்க்கப்பட வேண்டிய பொருளில் ஒரு பகுதியானார்கள்.

இரண்டாவது ஆள்

நீங்கள் எதிர்பார்ப்பதையே உங்கள் கண் காட்டும். 1963-இல் ராபர்ட் ரோசெந்தாலும் ஃபோடும் மாணவர்களிடம் எலிகளைக் கொடுத்தார்கள். சிலருடையவை புத்திசாலி எலிகள், சிலருடையவை மந்தமான எலிகள் என்று சொல்லிக் கொடுத்தார்கள். உண்மையில் பெயர்ச்சீட்டைத் தவிர வேறு வித்தியாசம் கிடையாது. ஆனாலும் 'புத்திசாலி' எலிகள் புதிர்ப் பாதையில் வழியைச் சீக்கிரம் கற்றுக்கொண்டதாகத்தான் மாணவர்களின் பதிவுகள் காட்டின.

அதனால் ஒரு தோழியையோ நண்பரையோ கூட்டிப்போங்கள். உங்கள் எதிர்பார்ப்பை அவரிடம் சொல்லாதீர்கள். வரையறைத் தாளை மட்டும் கொடுங்கள். ஒரே நேரத்தில் ஒரே குழந்தையைப் பார்த்து, தாளைக் காட்டிக்கொள்ளாமல் தனித்தனியே குறியுங்கள். எல்லா நாளும் வேண்டியதில்லை, ஒரு பங்கு நாட்கள் போதும். பண்டூராவின் ஆய்விலும் இரண்டாமவர் பாதிக் குழந்தைகளைத்தான் பார்த்தார்.

பிறகு ஒப்பிட வேண்டும். இங்கே பெரும்பாலானோர் ஒரு சதவீதத்தைப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். ஒரு கற்பனைக் கணக்கு. 60 துண்டு நேரங்களில் 'சண்டை உண்டா, இல்லையா' என்று இருவரும் குறித்தீர்கள். இருவரும் 'உண்டு' என்றது 5, இருவரும் 'இல்லை' என்றது 46. நீங்கள் மட்டும் உண்டு என்றது 5, அவர் மட்டும் உண்டு என்றது 4. ஒத்துப்போனது 60-க்கு 51, அதாவது 85 சதவீதம். பார்க்க அழகாக இருக்கிறது.

ஆனால் சண்டை அரிது. இருவரும் கண்ணை மூடிக்கொண்டு பெரும்பாலும் 'இல்லை' என்று போட்டிருந்தாலும் நிறைய ஒத்துப்போயிருக்கும். எவ்வளவு? நீங்கள் உண்டு என்றது 10, அவர் 9. தற்செயலாக இருவரும் உண்டு என்பதற்கு 10/60 × 9/60 = 0.025. இருவரும் இல்லை என்பதற்கு 50/60 × 51/60 = 0.708. கூட்டினால் 0.733. உங்கள் 0.85-இலிருந்து இதைக் கழித்தால் 0.117. தற்செயலைத் தாண்டி அதிகபட்சம் எட்டக்கூடியது 1 - 0.733 = 0.267. வகுத்தால் 0.44. ஜேக்கப் கோஹன் 1960-இல் தந்த கப்பா அளவு இதுதான். 0.44 என்றால் சுமார்தான். 85 சதவீதம் என்று மட்டும் எழுதியிருந்தால் உங்களையே ஏமாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

கப்பா குறைந்தால் சண்டை போட வேண்டாம். வேறுபட்ட அந்த 9 இடங்களையும் எடுத்து வைத்துப் பேசுங்கள். அநேகமாக எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும். சிரித்துக்கொண்டே தள்ளியதை நீங்கள் சண்டை என்றிருப்பீர்கள், அவர் இல்லை என்றிருப்பார். வரையறையைத் திருத்திவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். பழைய தாளையே உட்கார்ந்து மாற்றி எழுதுவது திருட்டு.

எழுதும்போது

120 பதிவு இருக்கிறது என்பதற்காக 120 பேரைப் பார்த்தேன் என்கிற மாதிரி கணக்குப் போடாதீர்கள். பார்த்தது 10 பேரை. ஒரே குழந்தையின் 12 பதிவுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கத்தான் செய்யும். முதலில் குழந்தைக்கு ஒரு விகிதம் எடுத்து (கு4: 12-இல் 5 இணை விளையாட்டு), பிறகு அந்தப் பத்து விகிதங்களை ஒப்பிடுங்கள். பத்துப் பேரை வைத்து 'குழந்தைகள்' என்று பொதுவாகத் தொடங்கும் வாக்கியம் எழுத வேண்டாம்.

பார்ட்டன் தன் வகைகளை வயதோடு ஏறும் படிகள் போல வைத்தார். சிறியவர்களிடம் தனி விளையாட்டும் இணை விளையாட்டும் அதிகம், வயது ஏறக் கூட்டு விளையாட்டும் ஏறுகிறது என்பதுதான் அவர் கண்டது. பின்னால் வந்தவர்கள் அதில் ஒரு திருத்தம் போட்டார்கள்: தனியாக உட்கார்ந்து கட்டைகளை அடுக்கிக்கொண்டோ படம் வரைந்துகொண்டோ இருக்கும் 4 வயதுக் குழந்தை பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. தனிமை எல்லாம் ஒரே வகைத் தனிமை இல்லை. ஆகவே 'த' என்ற குறி அதிகமாக இருக்கும் குழந்தைக்குப் பக்கத்தில் 'பின்தங்கியது' என்று எழுத உங்களுக்கு அதிகாரம் கிடையாது.

கடைசி நாள் நன்றி சொல்லப் போகும்போது ஆசிரியை கட்டாயம் கேட்பார்: "ஆறு நாளா பாத்தீங்களே, எங்க பிள்ளைங்கள்ல யாருக்காவது பிரச்சினை இருக்கா?" எதையாவது சொல்லத் தோன்றும், ஏனென்றால் முதல் முறையாக உங்களை ஒரு நிபுணராக நினைத்து ஒருவர் கேட்கிறார். "எழுதின நேரத்தையும் சேத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் மொத்தமா பன்னிரண்டு நிமிஷம்தான் டீச்சர். நீங்க வருஷம் பூரா பாக்குறீங்க. உங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.